முத்தங்கி சேவைக்குப் போட்டுக்கொண்ட இரும்பு அங்கி

ஐம்பது வயதுக்கு மேல் இரும்பு அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனவன் நான். பெருமாளை முத்து அங்கியில் சேவிக்கும் கூட்டத்தில் போன வருஷம் யாரோ இடித்து என் விலா வீங்கிவிட்டது. அன்றிலிருந்து பழைய ஐரோப்பியப் போர்வீரர்களின் அங்கியைப் பற்றியே படித்தேன். வெளியே வெல்வெட், உள்ளே வரிசையாக இரும்புத் தகடுகள். துணிக்கு மேல் ஆணித்தலைகள் மட்டும் தெரியும்.

இந்த வருஷமும் வரிசையில் ஒரு முழங்கை என் விலாவில் மோதியது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, இடித்தவர்தான் கையை உதறினார். கோட்டையைக் காப்பாற்றிவிட்ட உற்சாகம் எனக்கு. “நீயும் ஒரு தடவை இடிச்சுப் பாரேன்” என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

“பேசாம வாங்கோ.”

வாசலில் போலீஸ்காரரின் மெட்டல் டிடெக்டர் என்மேல் ஓயாமல் கத்தியது.

“உள்ள என்னங்க?”

நான் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஆரம்பித்தேன்.

“கழட்டிட்டு வாங்க சார்.”

முடிச்சுகள் முதுகுப்பக்கம். அவற்றைப் போட்ட மனைவியைக் கூட்டம் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. போலீஸ்காரரும் முயன்று பார்த்தார், அவிழவில்லை. நடை சாத்தும்வரை வெளியிலேயே நின்றேன்.

துளசியோடு திரும்பி வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊரே முத்தங்கி சேவிச்சுது. உங்க அங்கியச் சேவிச்சது அந்தப் போலீஸ்காரர் ஒருத்தர்தான்.”