பெட்டிகள் மாறி வந்த ரயில்

மியூனிக்கின் கிழக்கு நிலையத்தில் வெரோனா ரயிலுக்காக நிற்கிறோம். மாமனார், மாமியார் இருவருக்கும் முழங்கால் வலி. அவர்களை அதிகம் நடக்கவிடாமல் இத்தாலியைக் காட்ட இரண்டு மாதமாகத் திட்டம் போட்டிருக்கிறேன். லிஃப்ட் உள்ள நிலையங்களாகத் தேடினேன். கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்கை எடுத்தேன். எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் அரை மணி முன்பே இருவரையும் நிறுத்திவிட்டேன். மகள் என் தோளில் தூங்குகிறாள்.

ஜெர்மனில் ஏதோ அறிவிக்கிறார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் திரும்புகிறார்.

“தங்கச்சி, பெட்டியள் தலைகீழா வருகுதாம். உங்கட பெட்டி அந்தக் கடைசியிலதான் நிக்கும்.”

“ஆப்ல இங்கதான்னு போட்டிருக்கே அண்ணா! இவங்களால அவ்வளவு தூரம் ஓட முடியாது.”

“ஆப்புக்கு முழங்கால் இல்லைத்தானே. ஓடாதேங்கோ. முன்னால நிக்கிற பெட்டியில ஏறுங்கோ, பிறகு உள்ளால நடக்கலாம்.”

ரயில் வருகிறது. அவர் அத்தையைக் கைபிடித்து ஏற்றிவிடுகிறார். கதவு மூடியதும், எல்லோரும் உள்ளே இருக்கிறோமா என்று இரண்டு தடவை எண்ணுகிறேன். நம் இருக்கைக்கு இன்னும் ஏழு பெட்டி தாண்ட வேண்டும் என்று மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறேன்.

“வெரோனா போக எவ்வளவு நேரம் ஆகும்மா?”

“அஞ்சு மணி நேரத்துக்கு மேல மாமா.”

“அதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்” என்று நடக்கத் தொடங்குகிறார்.