பாக்கு மட்டையில் மலை இறங்கிய சனிக்கிழமை

பினாங்குக்குப் போகிறவர்கள் பாம்புக் கோவில் பார்க்கப் போவார்கள், மலை ரயிலில் ஏறப் போவார்கள், காசு இருந்தால் கடற்காற்று வாங்கப் போவார்கள். நான் போனது, ஒரு ஆள் பொய்யனா இல்லையா என்று தெரிந்துகொள்ள.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷம் அது. தைப்பிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, என் தங்கை திரேசாவைக் கேட்டுப் பினாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை சவரிமுத்து, துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. ஒரு காலத்தில் பெயர்போன பந்தாட்டக்காரன். இப்போது ஒரு கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பான். அதையெல்லாம் நாங்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் பினாங்கிலிருந்து வருகிற ஒவ்வொருவனும், இவன் ஐரோப்பாவில் பனிமலை மேலிருந்து சறுக்கு வண்டி விட்டுக் கப்பு வாங்கியவன் என்று சொன்னான். பாப் வண்டியாம் அதற்குப் பெயர். பினாங்குத் தமிழன், பனியில், வண்டி! காது குத்துவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். "ஏழையா இருந்தா குடுக்கலாம், கால் சரியில்லாட்டியும் குடுக்கலாம். கதை விடுறவனுக்குக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அவசரம் வேறு. எங்கள் கத்தோலிக்க வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் கேட்பார். நான் போனது சனிக்கிழமை, மறுநாள் முதல் ஓலை. அது தவறினால் தவக்காலம் குறுக்கே வந்துவிடும், பிறகு பாஸ்கா முடிந்துதான் எதுவும். திரேசாவுக்கு இதற்கு முன் வந்த சம்பந்தம் இப்படித் தள்ளிப்போட்டே கைநழுவிப் போனது. அவள் சவரிமுத்துவை ஒரே ஒரு முறை, மாதா திருவிழாவில் பார்த்திருக்கிறாள். நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்து நின்றாள்.

தைப்பிங்கிலிருந்து கடலோரப் பிறை நிலையம் வரை அறுபது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் வகுப்புக்கு ஒரு வெள்ளியும் சில்லறையும். அதே டிக்கட்டில் கப்பலில் கடலையும் தாண்டிவிடலாம், தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். விடியற்கால வண்டியைப் பிடித்தால் பத்து மணிக்குள் அக்கரையில் இருக்கலாம். கப்பலில் இடப்பக்கம் நில்லுங்கள், வெயில் அடிக்காது. நான் வலப்பக்கம் நின்று வெந்து போனேன். போதாததற்குச் சலவை வெள்ளைக் கால்சட்டை. பெண் வீட்டுக்காரன் என்ற தோரணை குறையக் கூடாது அல்லவா!

வெல்ட் கீ துறையில் இறங்கினால் கோப்பிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சவரிமுத்துவின் பழைய பந்தாட்டக் கூட்டாளி பெரியசாமி, மூட்டை இறக்கும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், ஒரு கடையில் எனக்காகக் காத்திருந்தான். கோப்பி வருவதற்கு முன்பே என்னைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போனான். கண்ணாடி போட்டு ஒரு படம். அதற்குப் பூச்சரம்.

"பாருங்கண்ணே! கப்பு வாங்குன அன்னிக்கு எடுத்தது. நாலாவது ஆளு நம்ம சவரிதான்லா!"

நானும் பார்த்தேன். ஒரு நீள வண்டி, முன்னால் மூன்று வெள்ளைக்காரர்கள். கடைசியில் ஒரு தொப்பியின் விளிம்பும் ஒரு முழங்காலும் தெரிந்தன.

"முகத்தையே காணோமேப்பா?"

"கடைசி ஆளு குனிஞ்சுதான் ஒக்காரணும், காத்து அடிக்கும்ல? அந்த முட்டியப் பாருங்க. எத்தன கோலு போட்ட முட்டி! எங்களுக்குத் தெரியாதா?"

முழங்காலுக்கு மாலை போட்டுக் கும்பிடுகிற ஊரை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் இதைப் போய் அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது?

சவரிமுத்து பாடாங் திடலில் நின்றுகொண்டிருந்தான். கடலோரம் பச்சைப் புல், ஒரு பக்கம் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் போனால் காற்று நன்றாக இருக்கும், நடுப்பகலில் மண்டை பிளக்கும். "வாங்கண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திருக்கும்போதே காலடிக்கு உருண்டு வந்த பந்தை இடக்காலால் தட்டிவிட்டான். வலக்காலைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

மலையடிவாரத்துக்குப் போனால் நிழலாக உட்கார்ந்து பேசலாம் என்றான். கம்பியைப் பிடித்து ஓடும் மின்சார வண்டியில் ஆயர் ஈத்தாம் போனோம். பட்டணத்திலிருந்து நாலு மைல் இருக்கும், ஆளுக்குப் பத்துக் காசு. அங்கிருந்து மலை ரயில் நிலையம் பக்கம்தான். நாங்கள் அதில் ஏறவில்லை. மேலே பாக்குத் தோப்புக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். அவன் தாங்கித் தாங்கி நடந்தும் எனக்கு முன்னால் போனான், எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

உட்கார்ந்ததும் நான் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, கோப்பிக் கடைப் படத்தைப் பார்த்தேன்" என்றேன்.

அவன் ஒரு புல்லைப் பிடுங்கினான். "அந்த முட்டி என்னுது இல்லண்ணே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் அப்ப வேலை பாத்த துரைக்கு நெஞ்சு நோவு. சுவிஸ் மலைக் காத்து நல்லதுன்னு போனாரு, தொணைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஓட்டல்காரங்க பாப் வண்டி விடுவாங்க. நாலு பேரு தள்ளிட்டு ஓடிக் குதிச்சு ஏறணும். ஒருத்தனுக்குக் காய்ச்சல். நான் ஓடுறதப் பாத்துட்டுக் கூப்டாங்க. அந்தக் குளிர் காலம் பூரா பழக்கத்துக்கு நான்தான் கடைசி ஆளு, பிரேக்கு பிடிக்கிறவன். பந்தயத்தன்னிக்கு வேற ஒரு துரை வந்து என் எடத்துல ஒக்காந்துட்டாரு. அவரு முட்டிதான் அது."

"நீ?"

"கீழ நின்னேன். அவங்க எறங்கி வந்ததும் போத்திக்கக் கம்பளி வச்சிக்கிட்டு."

ஒரு பையன் உதைத்த பந்து வேலிக்கு வெளியே போனதைச் சொல்வதுபோல் சொன்னான். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது.

"மறு வருசம் எனக்கே பந்தயத்துல எடம் குடுத்தாங்க. வளைவுல வண்டி பொரண்டுடுச்சு, கால் போச்சு. அப்பறம் ஏது வண்டி, ஏது பந்து? படத்தை என் துரைதான் குடுத்தாரு. இங்க நான் சொல்றதுக்குள்ள பெரியசாமி சட்டம் போட்டு மாட்டிட்டான். ஊரே சந்தோசப்பட்டுச்சு. எறக்கச் சொல்ல வாய் வரல."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றே? நான் வீட்டுல போய்ச் சொன்னா சம்பந்தம் முறிஞ்சாலும் முறியும்."

"நாளைக்கு ஓலை வாசிச்சுத் தடை இருக்கான்னு சாமியார் கேப்பாருல்ல? வேற யாராச்சும் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடறேன். பெரியசாமிகிட்டயும் சொல்லிப் படத்தை எறக்கிடறேன்."

நான் சந்தேகப் பிராணி. கப்பு பொய்யென்றால், பனியில் வண்டி விட்டதும் பொய்யாக இருக்கலாமே என்று மனம் அடுத்த கணக்குக்குப் போனது. "அதை எப்படித்தான் விடுவாங்க?" என்று கேட்டேன். என் குரலில் நக்கல் இருந்திருக்க வேண்டும். அவன் எழுந்து, மரத்தடியில் கிடந்த அகலமான பாக்கு மட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, அதன் ஓலையாலேயே முடிந்தான். பாக்கு மட்டையில் சறுக்காத பினாங்குப் பிள்ளை உண்டா? ஆனால் நான் தைப்பிங்காரன், வயதும் முப்பதைத் தாண்டியாயிற்று.

"முன்னாடி ஒக்காருங்க. நான் சாயற பக்கம் சாயுங்க, எதிர்த்துச் சாயாதீங்க" என்றான். சரிவு முழுக்கக் காய்ந்த புல். கீழே தோட்டத்துக் கல்சுவர்.

தாங்கி நடக்கிற அந்த ஆள், என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான் பாருங்கள்! எட்டிக் குதித்து எனக்குப் பின்னால் விழுந்ததுதான் தெரியும், காற்று காதில் அடைத்தது. "எடது!" என்றான், சாய்ந்தோம், ஒரு புதர் ஒதுங்கிப் போனது. "வலது!" என்றான், ஒரு குழி போனது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவன் உடம்பு முந்தியே சாய்ந்தது. இது கேட்டுத் தெரிந்துகொண்ட வித்தை இல்லை. அவன் பனியில் இருந்தவன்தான். அதை ஒப்புக்கொள்வதற்குள் கல்சுவர் நெருங்கிவிட்டது. "சேசு மரி சூசை!" என்று நான் அலறினேன்.

பின்னாலிருந்து ஒரு கால் நீண்டு குதிகாலால் மண்ணைக் கிழித்தது. புல்லும் கல்லும் தெறித்தன. சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். திரும்பிப் பார்த்தேன். வலக்கால். அந்தக் கெட்டுப்போன கால். செருப்பு எங்கேயோ போயிருந்தது, குதிகாலில் ரத்தம்.

"ஏம்ப்பா, அந்தக் காலையா வச்சே?"

"நீங்க பயந்துட்டீங்கண்ணே" என்றான். "மட்டையில பிரேக்கு எப்பவும் வலக்கால்தான், சின்ன வயசுப் பழக்கம்."

திரும்பும் வழியில் அவன் என்னைத் துறை வரைக்கும் கொண்டுவந்து விட்டான். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. பிறையிலிருந்து சாயங்கால வண்டியைத் தவற விட்டுவிடாதீர்கள், பிறகு நிலையத்துப் பெஞ்சியில் கொசுவுக்கு இரையாக வேண்டியதுதான். வண்டி முழுவதும் நான் அந்தக் கம்பளியையே நினைத்துக்கொண்டு வந்தேன். தான் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து ஜெயித்தவனுக்குப் போர்த்திவிட எனக்கு மனம் வந்திருக்குமா? வந்திருக்காது. நான் கம்பளியை வீசிவிட்டுப் போயிருப்பேன்.

ராச்சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். படம், துரையின் முழங்கால், கம்பளி, வண்டி புரண்டது, பாக்கு மட்டை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"சரி, அவன் சொல்றது உண்மையா, இல்லையா?" என்றார் அப்பா.

"கப்பு இல்லேன்னு அவனே சொல்லிட்டான். பனியெல்லாம் நான் பார்க்கலப்பா. ஆனா என்னைச் சுவர்ல முட்ட விடல."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில வெள்ளனமாப் போயி, ஓலையை வாசிக்கலாம்னு சாமியார்கிட்ட சொல்லிடு" என்றார்.

அடுப்படியிலிருந்து திரேசாவின் குரல் வந்தது. அன்று முழுவதும் அவள் பேசிய முதல் பேச்சு. "அண்ணே, அந்தக் காலுக்கு மருந்து போட்டீங்களா, இல்ல அப்படியே விட்டுட்டு ரயிலேறி வந்துட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் என் வெள்ளைக் கால்சட்டையில் இருந்த புல் கறையைப் பார்த்தேன்.

ஆகவே, பினாங்குக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: வெள்ளைத் துணி உடுத்தாதீர்கள். கப்பலில் இடப்பக்கம் நில்லுங்கள். பையில் ஒரு சின்னப் புட்டியில் டிங்சரும் கொஞ்சம் பஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று ஓலையும் வாசித்து, கல்யாணமும் முடிந்து, பினாங்கில் குடித்தனம் நடத்துகிறவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.