அனார்குல் அக்காவின் அரைப்பட்டினிக் கன்றுகள்

அனார்குல் அக்காவின் பூஞ்சை மட்டும் இல்லையென்றால் எங்கள் தியான்ஷான் மலை எழுந்து நடந்து போய் ஏரிக்குள் விழுந்திருக்கும். சூரியன்கூட வழி தெரியாமல் சீனாவிலேயே தங்கியிருக்கும். சத்தியம்.

அக்காவுக்கு வன நாற்றங்காலில் வேலை. ஓரிடத்தில் உட்காராது. டீ ஊற்றும், குடிக்காது. ஊசியிலைக் கன்றுகளை எரு போடாமல் அரைப்பட்டினியில்தான் வளர்க்கும். காட்டில் பெரிய மரத்தடி மண்ணைக் கழுதைமேல் ஏற்றி வந்து பாத்தியில் தூவும். அந்த மண்ணிலுள்ள பூஞ்சை, பசித்த வேரில் வெள்ளை நூலாய்ச் சுற்றிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் தண்ணீர் இழுத்துக் கொடுக்கும். வயிறு நிறைந்த வேர் அதைச் சீண்டாது.

வசந்தத்தில் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அதன் புருஷன் தெமிர் மாமா பட்டியிலிருந்து ஆட்டுச்சாணத்தை வண்டி வண்டியாய்ப் பாத்தியில் கொட்டிவிட்டார். எங்கள் ஊர் ஆண்களின் கணக்கில் ஆட்டிலிருந்து வருவது எதுவும் கெடுதல் செய்யாது. கன்றுகள் கொழுகொழுவென்று நின்றன. வேர் மொட்டை.

"பாசத்துலதான்டி போட்டேன்."

"உங்க பாசத்தக் கொண்டுபோய் உருளைக்கிழங்குக்குப் போடுங்க! போன வருஷம் பள்ளிக்கூடச் சுவரு வரைக்கும் மண்ணு சரிஞ்சு வந்துச்சே, அந்தச் சரிவுல இத நட்டா ஒரு கோடை தாங்குமா?"

இலையுதிர்காலத்தில் நடவு; அதற்குள் வேரில் நூல் வந்தாக வேண்டும். அக்கா சாணத்தைச் சுரண்டியது, மணல் கலந்தது, மறுபடி காட்டு மண் போட்டது. பிறகு பிடித்தது பைத்தியம். டீக்கு முன்னே ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்க்கும், டீக்குப் பின்னே இன்னொன்று.

"இப்பிடியே போனா நூல் வர்றப்ப கன்னு இருக்காதுக்கா" என்றேன்.

"வாய மூடுடா எர்மெக்." இன்னொன்றைப் பிடுங்கியது.

கோடை முடியப் போகிறது. தூக்கமில்லாமல் அக்கா முகம் எலும்பாகிவிட்டது. ஒரு மதியம் முன்வரிசைக் கன்றின் வேரில் வெள்ளை நூல்! எப்படி வந்ததென்று எனக்கென்ன தெரியும்? நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. கடைசி வரிசைக்கு ஓடி வேறொன்றைப் பிடுங்கியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

"இங்க வா."

இரண்டு வேரையும் கையில் வைத்திருந்தது.

"இந்தக் கடைசி வரிசக் கன்ன மோந்து பாரு. காளான் வாசம். வந்துருச்சுடா, நெசமாவே வந்துருச்சு." கண் கலங்கியிருந்தது. "இப்ப இந்த முன்வரிசக் கன்ன மோந்து பாரு."

"அதுவும் காளான்தானேக்கா?"

"காளானுக்கு எப்படா கிடா நாத்தம் வந்துச்சு? என்னத் தூங்க வைக்கப் பாத்தியா?"

என் வெள்ளைக் கம்பளித் தொப்பியை வெடுக்கென்று கழற்றி, ஓரத்தில் பிய்ந்திருந்த இடத்தில் அந்த நூலை வைத்துப் பார்த்தது. கச்சிதமாகப் பொருந்தியது.