இராசாத்தி காலி செய்த வார்டு

கொடைக்கானல் மேட்டில் பல தேசத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு பிள்ளை தும்மினால் மூன்று கண்டத்துக்குத் தந்தி போகும் என்று நாயுடுபுரத்தில் பேசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் மிகை. இரண்டு கண்டத்துக்குத்தான் போகும்.

அந்தப் பள்ளிக்கூடத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் இராசாத்தி. சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே கல்யாணமும் கட்டியவள். எழுபதுகளின் நடுவில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, அவள் இந்தியாக்காரி என்று கண்டுபிடித்தன. அதுவரை அவளுக்கே தெரியாத சேதி அது. கப்பலேற்றி மண்டபம் முகாமில் இறக்கினார்கள். மலையில் பழகியவர்களை மலைக்கே அனுப்பலாம் என்று எந்தப் புண்ணியவான் யோசனை சொன்னானோ, அவளும் புருஷன் இருளப்பனும் கொடைக்கானல் காட்டில் வாட்டில் மரத்துப் பட்டை உரிக்க வந்து சேர்ந்தார்கள்.

நாயுடுபுரத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில் குடியிருப்பு. அந்தத் தகரம் மழையைத் தடுத்ததில்லை. மழை உள்ளே எந்தெந்த இடத்தில் விழவேண்டும் என்பதை மட்டும் அது தீர்மானித்தது. இருளப்பன் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் இருமுவான். அவன் இருமலுக்குப் தூரத்துப் பெருமாள்மலையில் பஸ் ஓட்டுகிற டிரைவர், பின்னால் லாரி வருகிறது என்று ஒதுங்கி வழி விட்டதாகக்கூடச் சொல்வார்கள்.

ஆயா வேலை கிடைத்தபோது இராசாத்தியின் கண் போய் நின்ற இடம் ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கணப்படுப்புமாக ஓர் அறை சும்மா கிடந்தது. வேலை நிரந்தரமானால் அந்த அறை ஆயாவுக்கு. ஆகவில்லையானால் தகரக் கொட்டகை, அடுத்த மழை, இருளப்பனின் நெஞ்சு. இதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

ஆஸ்பத்திரியின் தலைவி லீலா சிஸ்டர். பெரிய ஊரில் படித்துத் தேறிய நர்ஸ். வைத்தியத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் மூன்று பொருளில் அடங்கும்: வெந்நீர்ப் பை, உப்புத் தண்ணீர்க் கொப்புளிப்பு, சூடான கோக்கோ. அந்தக் கோக்கோவுக்காகவே பிள்ளைகளுக்கு நோய் வரும். கணக்குப் பரீட்சை நாளில் வயிற்று வலி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் வரிசையில் நிற்கும்.

இராசாத்தி வந்த பிறகு அந்த வரிசைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கொடுக்கிற பழக்கத்துக்குப் பெரட்டு என்று பெயர். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். அதே மாதிரி பிள்ளைகளை நிறுத்தி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உனக்கு அரைப்பேர் சீக்கு. மத்தியானம் வரைக்கும் படு, பொறகு கிளாசுக்குப் போ" என்பாள். சாயந்தர விளையாட்டுக்கு அந்தச் சீக்கு தானாகத் தீர்ந்துவிடும். நாக்கில் அவள் என்னதான் பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா பார்ப்பார். அதனால் இவளும் பார்த்தாள். அடுத்த மாதமே லீலா சிஸ்டர் இதை ஆங்கிலத்தில் டைப் அடித்து, தாமே கண்டுபிடித்த 'பகுதி ஓய்வுச் சிகிச்சை' என்று மேலிடத்தில் கொடுத்து, ஒரு சபாஷும் வாங்கிக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒரு மாசி மாதம், அமெரிக்காவிலிருந்து ஒரு கமிட்டி வருகிறது என்று பள்ளிக்கூடம் கிடுகிடுத்தது. அவர்கள் சரியென்று சொன்னால்தான் பள்ளிக்கூடத்தின் சான்றிதழ் கடல் தாண்டிச் செல்லும். எல்லாவற்றையும் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரியை அவசியம் பார்ப்பார்கள். அங்கேதான் பிரின்சிபாலுக்குச் சிக்கல். ஏனென்றால் பழைய மாணவர் ஒருவர் எண்ணெய்க் கிணற்றில் சம்பாதித்துத் தானம் செய்ததில், இரும்புக் கட்டிலும் வெள்ளை மெத்தையுமாகப் புதிய வார்டு ஒன்று எழும்பியிருந்தது. வார்டு இருந்தது, நோயாளிதான் இல்லை. அரைப்பேர் முறை வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு நோயில் இருந்த சுவாரஸ்யமே போய்விட்டது.

"ஆளில்லாத வார்டைக் காட்டினால், இத்தனை பெரிய கட்டடம் எதற்கு என்று கேட்பார்களே, சிஸ்டர்!" என்றார் பிரின்சிபால்.

லீலா சிஸ்டர் நோயாளி திரட்டக் கிளம்பினார். தும்மினவன், தும்மப் பார்த்தவன், தும்மினவனுக்குப் பக்கத்தில் நின்றவன், அத்தனை பேரையும் பிடித்து வந்து கட்டிலில் போட்டார். புஷ்பக் கண்காட்சியில் தொட்டி வைக்கிற மாதிரி, சளிக்காரர்கள் ஜன்னல் ஓரம், வயிற்று வலி நடுவில், கால் சுளுக்கு வாசலருகில் என்று பார்வையாக அடுக்கினார். அந்தக் கால் சுளுக்கு மட்டும் உண்மையான சுளுக்கு. இங்கிரிட் என்ற பெண்ணுடையது. வெள்ளைக்காரப் பாதிரியார் மகள், வத்தலக்குண்டில் வளர்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள் பேசுகிறாள் என்றே நினைப்பீர்கள்.

இந்தத் திட்டமெல்லாம் மீட்டிங்கில் ஆங்கிலத்தில் நடந்தது. ஆயாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஆயாவுக்குச் சொன்னது வேறு.

"இங்க பாரு ராசாத்தி, நாளைக்கு ரொம்பப் பெரியவங்க வர்றாங்க. வார்டு பளிச்சுன்னு இருக்கணும். அவங்க கண்ணுல ஒரு குறை படக்கூடாது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சா நீ பர்மனென்ட், பின்னாடி ரூம் உனக்குத்தான். நானே சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் லீலா சிஸ்டரும் கம்பவுண்டர் சூசைமுத்துவும் மாலையோடு கமிட்டியை வரவேற்கப் போனார்கள். சூசைமுத்து பெருமாள்மலைக்காரர். மருந்து கலக்கும்போதுகூட வாய் ஓயாத மனிதர். போகிற போக்கில் அவரும் ஒரு பங்கு பயமுறுத்திவிட்டுப் போனார்.

"ஏத்தா, வெரசா தொடச்சுப் போடு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன் ரூமும் போச்சு, என் சோலியும் போச்சு. அப்பறம் நானும் உங்கூடப் பட்டை உரிக்க வரவேண்டியதுதான்."

"நான் பாத்துக்குறேன் அண்ணே. நீங்க மாலையக் கசக்காமப் போங்க."

இராசாத்தி துடைத்தாள். ஜன்னல் கண்ணாடியை ஊதி ஊதித் துடைத்தாள். எல்லாம் முடித்துத் திரும்பிப் பார்த்த பிறகுதான் கட்டில் நிறைய சீக்காளிகள் கிடப்பது உறைத்தது. அவளுக்குப் பகீரென்றது.

ஏன் பகீரென்றது என்பதற்குத் தோட்டத்துச் சங்கதி தெரிய வேண்டும். கொழும்பிலிருந்து பெரிய தொரைமார் தோட்டம் பார்க்க வருகிற நாளில் அங்கே யாருக்கும் நோய் இருக்கக் கூடாது. டிஸ்பென்சரி ஐயா விடியும் முன்பே எல்லாச் சீக்காளியையும் எழுப்பி, காய்ச்சல்காரிக்கும் கூடையைக் கட்டி, தேயிலைச் செடிக்குள் துரத்திவிடுவார். தொரை வந்து காலிக் கட்டிலைப் பார்த்து, மீசையைத் தடவி, "குட்" என்பார். ஒரே ஒரு தடவை ஒரு புது ஐயா விவரம் தெரியாமல் நோயாளிகளைப் படுக்கவைத்தபடியே காட்டினார். "இவ்வளவு சீக்கு இருக்கென்றால் உனக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்ட தொரை, அன்று மத்தியானமே ஐயாவை மூட்டை கட்ட வைத்தார். அது இராசாத்தி கண்ணால் பார்த்தது. பெரியவர்கள் வருகிற நாளில் ஆஸ்பத்திரி எப்படி இருக்கவேண்டும் என்பதில் அவளுக்கு இம்மியும் சந்தேகம் கிடையாது. பாவம், நர்சம்மா படித்தவர், மறந்துவிட்டார். நல்லவேளை, நாம் இருக்கிறோம்.

கையைத் தட்டினாள். "எந்திரிங்க! எந்திரிங்க! எல்லாருக்கும் சொகமாயிருச்சு. ஓடுங்க வெளிய!"

சளிக்காரர்கள் முதலில் நம்பவில்லை. நம்பியதும் ஜன்னல் வழியாகவே போய்விட்டார்கள். வயிற்று வலி பந்தை எடுத்துக்கொண்டு போனது. இங்கிரிட் மட்டும் போர்வையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எந்திரிச்சா கொன்னுருவேன்னு லீலா சிஸ்டர் சொல்லியிருக்காக."

"அவுக கெடக்குறாக. தொரைமாரு வாற நேரத்துல சீக்காளி கட்டில்ல கெடக்கலாமா தாயி? எந்திரி."

"எனக்கு நெசமாவே கால் பிசகியிருக்குக்கா!"

"நெசச் சீக்கு இன்னும் மோசம். முதுகுல ஏறு, சுணங்காத."

இங்கிரிட்டை முதுகில் சுமந்துபோய் சலவை அறையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்த்தி, கையில் ஒரு பன்னும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். மெத்தை விரிப்புகளை இழுத்து இழுத்துச் செருகினாள். ஒரு நாணயத்தைப் போட்டால் தெறித்துக் கூரையில் ஒட்டிக்கொள்ளும், அப்படி ஓர் இறுக்கம். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்த அறையின் கணப்படுப்பை நினைத்தபடி வாசலில் நின்றாள்.

கமிட்டி வந்தது. முன்னால் பனைமர உயரத்தில் ஒரு தலைவியம்மாள், பின்னால் இரண்டு கனவான்கள், அவர்களுக்கும் பின்னால் பிரின்சிபால். "இதோ எங்கள் நோயாளிகள்" என்று கதவைத் திறந்த லீலா சிஸ்டரின் கை, திறந்த வாக்கிலேயே நின்றுவிட்டது.

வெள்ளை வெளேரென்று வரிசையாகக் கட்டில்கள். ஒரு ஈ கூட இல்லை.

"நோயாளிகள் எங்கே?" என்றார் தலைவியம்மாள்.

 காலிக் கட்டில்களைக் காட்டிய கையிலிருந்தே கேள்வி இராசாத்திக்குப் புரிந்தது. அவள் கைகட்டிக்கொண்டு கம்பீரமாகச் சொன்னாள்: "ஒருத்தருக்கும் சீக்கு இல்லீங்க அம்மா. எல்லாரும் சொகம்."

இவள் என்ன சொல்கிறாள் என்று தலைவியம்மாள், கூடவே வந்திருந்த சூசைமுத்துவைப் பார்த்தார். சூசைமுத்துவின் கண்ணுக்கு வாட்டில் காடும் பட்டைக் கத்தியும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு அப்படி ஓர் ஆங்கிலம் வந்திருக்காது.

"அம்மா, மற்ற ஆஸ்பத்திரிகள் நோயை உள்ளே விட்டுப் பிறகு விரட்டுகின்றன. நாங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். அதற்காகவே இந்த ஆயா."

"அப்படியானால், அதோ மைதானத்தில் பைஜாமாவோடு ஓடுகிற பிள்ளைகள்?"

"நோய்த் தடுப்பு உடற்பயிற்சி" என்றார் சூசைமுத்து, கண் இமைக்காமல்.

"மூன்று வருஷமாகச் சோதித்து வருகிறோம்" என்று பிரின்சிபாலும் சேர்ந்துகொண்டார். கனவான்கள் இருவரும் பரபரவென்று எழுதினார்கள்.

கமிட்டி சாப்பிடப் போனதும் லீலா சிஸ்டர் இராசாத்தியைப் பிடித்துக்கொண்டார்.

"ராசாத்தி! யாரைக் கேட்டு அவங்கள வெளிய விட்ட?"

"ஒரு குறை படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க நர்சம்மா."

"பேஷன்ட் குறையாடீ? பேஷன்ட் இல்லாத ஹாஸ்பிடல் எதுக்கு?"

"சீக்கு இருந்தா நம்மளுக்குத்தானேம்மா கேவலம்?"

"நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம். போ."

இராசாத்தி கொட்டகைக்குப் போய் இருளப்பனுக்குச் சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தாள். அவன் என்னவென்று கேட்டான். "ஒண்ணுமில்ல, நாம படுக்குற எடத்தைக் கொஞ்சம் நகத்திப் போடணும். மழ வருது" என்றாள். அழவில்லை, அதற்கும் சேர்த்துத் தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சூசைமுத்து மேல்மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏத்தா, வா வெரசா! கமிட்டி அம்மா உன்னையக் கேக்குது. உங்கூட நின்னு போட்டோ எடுக்கணுமாம். அமெரிக்காவுலயே இப்பிடி ஒரு ஆஸ்பத்திரி கெடையாதாம்!"

"அங்கயுந்தான் தொரைமாரு வருவாங்களே அண்ணே? அப்ப என்ன செய்வாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. முகத்தக் கழுவிட்டு வா."

பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு 'நோய்த் தடுப்பு நிலையம்' என்று பெயர்ப்பலகை மாறியது. லீலா சிஸ்டர் அதன் இயக்குநர் ஆனார். அந்த முறையைத் தாம் எப்படிக் கண்டுபிடித்தார் என்று பெங்களூர் வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். இராசாத்தி நிரந்தரம். கல் சுவர் அறையின் சாவி அவள் இடுப்பில். இருளப்பன் கணப்படுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மாதத்தில் இருமலை மறந்தான். பெருமாள்மலை டிரைவரும் நிம்மதியாக வண்டி ஓட்டினார்.

ஆனால் பெயர் வாங்கிய ஆஸ்பத்திரியைப் பார்க்க ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். தானம் கொடுத்தவர், தானம் கொடுக்க நினைக்கிறவர், தானம் கொடுப்பது போலப் பேசிக் கோக்கோ குடித்துவிட்டுப் போகிறவர். யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. அதனால் வெள்ளைக் கட்டிலில் யாரும் படுக்கக் கூடாது என்பது பிரின்சிபால் உத்தரவு.

ஐப்பசி மழையோடு விடுதிக்குள் பொன்னுக்கு வீங்கி நுழைந்தது. நோய்த் தடுப்புப் பலகையை அது படித்ததாகத் தெரியவில்லை. கன்னம் இரண்டும் பூரியாக உப்பின பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"இவங்கள எங்க போடுறது நர்சம்மா?"

லீலா சிஸ்டர் வார்டைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் பார்த்தார். "உன் ரூம்ல கணப்பு இருக்குல்ல?"

அன்று மத்தியானத்துக்குள் கல் சுவர் அறையில் சுவருக்குச் சுவர் பாய். கணப்படுப்பைச் சுற்றிப் பல தேசத்துக் கன்னங்கள். சட்டி பானையோடு வெளியே வந்த இருளப்பன், தூறலில் நனைந்தபடி நின்றான்.

"ஏ புள்ள, ரூம் கெடச்சுச்சுன்ன. இப்ப நாம எங்க கெடக்குறது?"

 இராசாத்தி அவன் கையைப் பிடித்து வார்டுக்குள் கூட்டிப்போய், ஜன்னல் ஓரத்து வெள்ளைக் கட்டிலில் ஏற்றிப் படுக்கவைத்தாள். இருளப்பன் பிணம் மாதிரி விறைத்துக் கிடந்தான்.

"பெரிய தொரைகூட இப்பிடிப் படுத்திருக்க மாட்டாருடி."

"கதைக்காதீங்க. காலை மடக்காதீங்க, விரிப்பு கசங்கிரும். ஜீப்பு சத்தம் கேட்டா ஜன்னல் வழியா எறங்கி முட்டைக்கோசுத் தோட்டத்துக்குள்ள போயிருங்க."

"இருமல் வந்தா?"

"வரக்கூடாது" என்றாள் நோய்த் தடுப்பு நிலையத்தின் நிரந்தர ஆயா, அடுத்த கட்டிலில் தனக்கு இடம் பார்த்தபடி.