நாகவல்லி வெட்டிய மயில்

தாட்சாயிணி டீச்சருக்குப் பென்சில் கோடு தேவைப்பட்டதே இல்லை. கலர் பேப்பரை நான்காக மடித்து, கத்தரிக்கோலை அசையாமல் பிடித்துக்கொண்டு, பேப்பரை மட்டும் திருப்புவார். பிரித்துக் காட்டினால் நான்கு கிளிகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருக்கும். சென்னீர்குப்பத்தில் அவர் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடான ஓவிய வகுப்புக்கு மட்டும் யாரும் லீவு போடமாட்டார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம் முடியும் சமயத்தில், வலது கையின் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. முதலில் தூக்கம் போதவில்லை என்று நினைத்தார். பிறகு கை முழுவதும் ஆடியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். மாத்திரை கொடுத்தார். குணமாகுமா என்று கேட்டபோது அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அப்போது கணவர் ஜெயராமன் வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியைக் கதவடைப்பு செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நூம்பலில் இருந்த அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் தாட்சாயிணிதான். கை ஆடுகிற ஓவிய டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்?

"யார்கிட்டயும் மூச்சு உடாதே," என்றார் ஜெயராமன். "கம்பெனி தொறக்கட்டும். அதுவரைக்கும் சமாளிச்சுகினு போ."

அவரும் சமாளித்தார். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எப்படி மடிப்பது, எங்கே வெட்டுவது என்று வாயாலேயே சொன்னார். ஒன்பதாம் வகுப்பு நாகவல்லிக்கு மட்டும் அந்த வார்த்தைகளே போதுமாக இருந்தன. ஒல்லியான, அதிகம் பேசாத பெண். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் அவள் மடியில் பூ விரிந்திருக்கும். ஒருநாள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபோது அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், கை இப்டி ஆடுது?"

"ஒண்ணுமில்லே. நீ வெட்டு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. மாதிரி காட்டவேண்டிய நாட்களில் தானே எழுந்து வந்து, டீச்சர் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொள்வாள்.

ஆண்டு விழாவுக்குத் தலைமையாசிரியை சுசீலா தன் அறையில் மாட்ட ஒரு பெரிய மயில் கேட்டார். பள்ளி விட்டபின் நான்கு நாள் உட்கார்ந்து நாகவல்லி அதை வெட்டினாள். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் அரிசிமுனை அளவுக்குப் பல் பல்லாக வெட்டு. அது அவளாகக் கண்டுபிடித்தது. விழாவுக்கு வந்திருந்த பரந்தாமன் என்ற கல்வித்துறை அதிகாரி மயிலின் முன்னால் வெகுநேரம் நின்றார். "உங்க கைவண்ணம் பிரமாதம்மா," என்றார். நாகவல்லி தாம்பூலத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தாட்சாயிணி உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயராமன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். "நன்றிங்க சார்," என்று தாட்சாயிணி சொல்லிவிட்டார்.

அடுத்த செப்டம்பரில் பூந்தமல்லியில் பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு மாவட்டக் கண்காட்சியும் போட்டியும். நாகவல்லி ஒரு ஏரியை வெட்டி ஒட்டியிருந்தாள். நீலத்தில் மூன்று சாயல் தண்ணீர், மேலே எழும்பும் கொக்குகள். பிள்ளைகளை அழைத்துவர அனுமதியில்லாததால் தாட்சாயிணிதான் அதைக் கொண்டுபோனார். மதியம் அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். நடுவர் நாற்காலியில் பரந்தாமன்.

"இது பிள்ளை வெட்டினது இல்லீங்கம்மா. இந்த இறகு வெட்டை நான் உங்க ஹெச்.எம். ரூம்ல பார்த்திருக்கேன்."

"சார், அந்த மயிலும் அவ வெட்டினதுதான்."

"அன்னிக்கு நான் பாராட்டினப்போ நீங்க அப்படிச் சொல்லலியே?"

"தப்புதான் சார். ஆனா என்னால முடியாது. என் கையைப் பாருங்க." முதல் முறையாக அந்தக் கையை முந்தானையிலிருந்து எடுத்து, மேஜைமேல் எல்லோரும் பார்க்க நீட்டினார். அது முன்னெப்போதையும்விட வேகமாக ஆடியது.

பரந்தாமன் முகம் இளகியது. "பயப்படாதீங்கம்மா. நான் புகார் ஒண்ணும் எழுதப்போறதில்லை. பிள்ளைமேல இருக்கிற பாசத்துல செஞ்சிருக்கீங்க."

"பயத்துல ஆடலே சார்! அவளை வரவழைங்க, உங்க எதிர்லயே வெட்டுவா."

"லிஸ்ட் டைப் ஆயிடுச்சும்மா, அதுல அவ பேர் இல்லை. நாலு மணிக்குப் பரிசு." குரலில் கோபம் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொண்டுவரச் சொன்னார்.

திங்கட்கிழமை தாட்சாயிணி தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னார். சுசீலா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இதை நான் மேலே எழுதினா, பொண்ணுக்குப் பரிசு வராது. உங்க வேலைதான் போகும். பேசாம இருங்க."

பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில், மயில் நாகவல்லி வெட்டியது என்று சொன்னார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிசு போன பெண்ணுக்கு டீச்சர் ஆறுதல் சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். யாரோ கையும் தட்டினார்கள். நாகவல்லி தலையைத் தூக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பெல் அடிக்கும்வரை அப்படியே இருப்பாள். "ஏதாச்சும் ஒண்ணு வெட்டும்மா," என்று கெஞ்சியபோது ஒரே ஒருமுறை பதில் சொன்னாள். "எது வெட்னாலும் உங்களுதுன்னுதான் டீச்சர் சொல்லுவாங்கோ." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாட்சாயிணியால் அதைத் தாங்க முடியவில்லை.

பத்தாவது முடித்து அவள் பள்ளியைவிட்டுப் போனாள். கம்பெனி கடைசிவரை திறக்கவில்லை. ஜெயராமன் வேறொரு பட்டறையில் சேர்ந்தார். தொண்ணூற்றிரண்டில், சாக்பீஸைக்கூடப் பிடிக்க முடியாமல் போனபோது, தாட்சாயிணி விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம் விலாசம் விசாரித்துக்கொண்டு நாகவல்லியின் வீட்டுக்குப் போனார். அவள் இல்லை. அவளுடைய அம்மா கன்னியம்மாள்தான் இருந்தாள்.

"வாங்க டீச்சர், உள்ள வாங்க. அவ எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்க்கினு கீறா. துணியில பிசிறு வெட்ற வேல. கை நல்லா ஓடுதுன்னு சொல்றாங்களாம்." பெருமையாகச் சிரித்தாள். "ஸ்கூல்ல அவளுக்கு உங்களத்தான் ரொம்பப் புடிக்கும். கத்திரி புடிக்கவே நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாமே?"

நாகவல்லி வீட்டில் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டும் என்று மனதுக்குள் கோத்துவைத்திருந்த வார்த்தைகளை யாரிடம் இறக்கிவைப்பது என்று தாட்சாயிணிக்குத் தெரியவில்லை. இந்தத் தாயின் சிரிப்பைக் கலைத்துவிட்டு என்ன ஆகப்போகிறது?

கன்னியம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கியதும் டீ விரல்களில் வழிந்து புடவையில் சிந்தியது. தாட்சாயிணி அதைக் கீழே வைக்கப் பார்த்தார், அதுவும் முடியவில்லை.

"ஐயய்யோ, குடுங்க டீச்சர்," என்று கன்னியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கி, ஊதி ஆற்றி, அவர் வாயருகில் பிடித்தாள். தாட்சாயிணி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.