துரையின் காரும் எங்கள் பஸ்ஸும்

எங்கள் வீட்டுக்குக் கார் வரப்போகிறது என்று அப்பா முடிவு செய்வதற்கு முன்பே நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். வயது ஏழு, வாய் எழுபது.

செண்பகனூரில் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் நாட்டுக்கே திரும்பிப் போகிறார், பின்பக்கம் பூண்டு மூட்டை அடுக்கத் தோதான காரை விற்கிறார் என்று துப்புக் கொண்டுவந்தவர் கொடைக்கானலில் வேலை பார்த்த சித்தப்பா. அந்த வருஷம் எங்கள் ஊரான பூண்டியில் எங்களைப்போல் பூண்டு வெள்ளாமை எடுத்தவர்கள் யாரும் இல்லை. கார் பார்க்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில்தான்.

விற்பனைக்குப் போகும் எங்கள் பூண்டு மூட்டைகள் கூரைக்கு ஏறின. உள்ளே ஆட்கள், கோழிகள், பூண்டு நெடி. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன், கார்க்காரி அல்லவா!

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டுத் தயங்கி நின்றார். "அண்ணே, ஒங்க மூட்டைய நம்பித்தான் பூண்டி வரைக்கும் வண்டி விடுறாங்க. நீங்க காரு வாங்கிட்டா, பாதியிலயே திருப்பிரச் சொல்லிருவாரு மொதலாளி."

அதுவரை சந்தையாக இரைந்த பஸ் கப்சிப் என்றானது. நிறைமாதமாய் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

துரை வீட்டில் என்னைக் காருக்குள் உட்கார வைத்தார்கள். ஹாரனை அமுக்கினேன், மலையே வழிவிட்டது போலிருந்தது. அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல வண்டிதான்" என்றார் சித்தப்பாவிடம். "எனக்கு எதுக்குடா தனியா ஒண்ணு? அதான் ஊருக்கே ஒண்ணு ஓடுதுல்ல. எறங்கு பாப்பா, வெரசா வா, பஸ்ஸு போயிரும்."

பிழைக்கத் தெரியாத மனுசன் என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் பஸ் நிற்கிற இடம்வரை அழுதுகொண்டே நடந்தேன்.

திரும்பும்போது கண்டக்டர் அப்பாவின் முகத்தையே பார்த்தார். "நாளைக்கும் மூட்டை இருக்குப்பா, மேல எடம் வையி" என்றார் அப்பா.

அவ்வளவுதான், பஸ்ஸுக்கே திருவிழா வந்துவிட்டது. ஒருவர் பேரிக்காய் தந்தார், ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிய அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, கண்ணீரோடு என் கன்னத்தைத் தடவினாள். டிரைவர்கூட வளைவுக்கு வளைவு ரப்பர் ஹாரனை என்னை அமுக்கவிட்டார்.

அந்த மனுசனின் மகள் நான் என்று சொல்லும்போது இன்றைக்கும் என் தலை தானாக நிமிரும். அன்றைக்கோ, கார் கிடைக்காத பிள்ளையாயிற்றே என்று ஊரே எனக்காகப் பரிதாபப்படுவதாக நினைத்துக்கொண்டு, விம்மி விம்மி அத்தனை முறுக்கையும் தின்று தீர்த்தேன்.