பாஸ்போர்ட் படமும் திருஷ்டிப் பொட்டும்

எத்தியோப்பியாவில் ஒரு சர்வதேசப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, நானும் மனைவியும் கைக்குழந்தையோடு கப்பலேற இருந்தோம். பாஸ்போர்ட் படத்துக்காகப் பாலக்கரையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். படமெடுப்பவர் மெலிந்த மனிதர். பேசும்போதும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வார்.

"பாப்பா கன்னத்துல பொட்டு இருந்தா ஆபீஸ்ல திருப்பிடுவாங்கம்மா" என்றார்.

முதல் குழந்தையைப் பறிகொடுத்த என் மனைவி, இவளுடைய திருஷ்டிப் பொட்டை அழிக்க விடவில்லை. "அப்படின்னா நாங்க போகவே வேண்டாம்" என்றாள்.

அவர் படங்களைத் திருத்தும் தூரிகையை மையில் தோய்த்துக் குழந்தையின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தார். "ஆபீசர் கால் வரைக்கும் பார்க்கமாட்டாரு. இப்ப கன்னத்தைத் துடைக்கலாங்களா?"

மனைவி முந்தானையால் தானே துடைத்துவிட்டாள்.

படமெடுத்து முடித்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்களும் செருப்பைக் கழட்டுங்க. வந்ததுலேருந்து உங்க கண்ணுதான் அந்தப் பொட்டை விட்டு நகரல."

மனைவிக்கே தெரியாமல் நான் வைத்திருந்த பயம் அது. கழற்றினேன்.